துப்பத்தான் போனேன்

எங்கள் வீட்டில் போத்தல் என்றாலே அப்பாவின் சம்பள நாள் சண்டைதான். அதனால், மெல்பர்ன் போயிருந்தபோது தோழி ஒயின் ருசிக்கக் கூப்பிட்டதும் தயங்கினேன். மேற்கே காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனால் கிராம்பியன்ஸ் மலைப்பகுதி. 1860களில் நட்ட திராட்சைக் கொடிகள் அங்கே இன்னும் காய்க்கின்றன.

கிளாஸின் அடியில் கொஞ்சம் ஷிராஸ் ஊற்றினார்கள். சுழற்றி முகர்ந்தேன். முதலில் பிளம் பழம். அதன் பின்னால், ரசத்துக்குப் பாட்டி தட்டிப்போடும் மிளகு! கற்பனை என்றுதான் நினைத்தேன். (வானொலிக்காரிக்கு அதற்கா பஞ்சம்?) இல்லையாம். மிளகுக்குக் கார வாசம் தரும் ரோட்டன்டோன் என்ற பொருளே ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. குளிர்ப் பகுதிப் பழத்தில் அது கூடுதல். வெயில் காயும் பரோசாவில் குறைவு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவே தெரியாது. என் தோழி அந்த ஒருவர். பாவம், கிளாஸுக்குள் மூக்கை விட்டுத் தேடிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மிடறை நாக்கில் உருட்டிவிட்டு, பக்கத்து வாளியில் துப்பிவிடலாம். எனக்கு அது புதுச்செய்தி. அப்பா கடைசிவரை ஒரு சொட்டுகூடத் துப்பியதில்லை. ஏழு வகை ருசித்தும் நான் தெளிவாகவே வெளியே வந்தேன்.

இரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“குடிச்சியா?”

“இல்லம்மா, துப்பிட்டேன்.”

“துப்புறதுக்கா காசு கொடுத்தே?”