நாவலுக்குத் தொட்டுக்கொள்ள மதுவா?

கிளுகிளுப்பான காதல் நாவலைக் கையில் எடுத்தால், அதற்குப் பொருத்தமான காக்டெயிலையும் கலந்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். புது நாகரிகம்! ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ எழுதிய இ.எல். ஜேம்ஸ், 2013-லேயே நாவலின் பெயரில் வைன் விற்கத் தொடங்கிவிட்டார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சாப்பாட்டு மேஜையில் வைனைக் கண்டு முகம் சுளிப்பவன் அல்ல. ஆனால், கிறக்கம் தருவதற்குத்தானே அந்த நாவல்? அதற்கும் ஒரு கோப்பை துணை வேண்டுமென்றால், எழுத்தில் சரக்கு இல்லை என்றுதான் பொருள். அறுபதுகளில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. குமுதத்தில் சாண்டில்யனின் ‘யவன ராணி’யைப் படித்தவர்களுக்கு அந்த எழுத்தே போதையாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ரமணிசந்திரன் நாவல்களை வாடகைக்கு எடுத்துப் படித்த பெண்கள் ஏராளம். 2003-ல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தது. சம்பள நாளில் வீட்டுக்காரர் அங்கே போய்விட்டுத் தள்ளாடி வரும்வரை விழித்திருந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள்தான் ஆறுதல். எதை மறக்க அவர்கள் புத்தகத்தைத் திறந்தார்களோ, அதையே பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதற்குப் பெயர் ரசனையா?

வியாபாரம், நண்பர்களே, வெறும் வியாபாரம். நல்ல கதைக்கு ஒரு டம்ளர் காபி போதும். அதுவும் பாதிக் கதையில் ஆறிப்போக வேண்டும். அதுதான் எழுத்தாளருக்கு மரியாதை.