நடுவர் சொல்லே இறுதி. ஆனால் காரணமும் வேண்டும்

பள்ளிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் ரோபோப் போட்டிகள் பெருகி வருகின்றன. மத்திய அரசு 2016-ல் தொடங்கிய அடல் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 10,000 பள்ளிகளில் இதற்கான கூடங்கள் அமைந்துள்ளன. அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் இனி இந்தக் களத்தில் இறங்குவார்கள். இது வரவேற்கத் தக்கதே.

ஆனால் போட்டி பெருகினால் பூசலும் பெருகும். "எங்கள் ரோபோ கோட்டைத் தாண்டவேயில்லை, தாண்டியது என்று நடுவர் புள்ளியைக் குறைத்துவிட்டார்" என்ற முறையீடு இப்போட்டிகளில் புதிதல்ல. நடுவருக்கு இவ்வளவு அதிகாரம் தேவைதானா என்ற கேள்வி இங்குதான் எழுகிறது.

கிரிக்கெட்டின் விதிகள் ஆண்டுதோறும் அடியோடு மாறுவதில்லை. பல ஆண்டு அனுபவத்தில் அம்பயர் தேர்ச்சி பெறுகிறார். ரோபோப் போட்டியின் நிலை வேறு. ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் 2002 முதல் நடத்திவரும் ரோபோகான் போட்டியில், அந்தந்த ஆண்டு போட்டியை நடத்தும் நாடு புதியதோர் ஆட்டத்தை வகுக்கிறது. 2008-ல் நமது புனே நகரில் அது நடந்தபோது, கோகுலாஷ்டமிக்கு மும்பைத் தெருக்களில் நாம் காணும் தயிர்ப்பானை விளையாட்டையே ஆட்டமாக்கினார்கள். 2014-ல் மீண்டும் புனேயில் நடந்தபோது, 'தாய்' ரோபோ 'குழந்தை' ரோபோவை ஊஞ்சலுக்கும் ஏற்றப்பலகைக்கும் தூக்கிச் சென்று விளையாட்டுக் காட்ட வேண்டும் என்பது ஆட்டம்.

ஆட்டம் புதிது என்றால் ஆடுபவர்களைப் போலவே நடுவரும் அதற்குப் புதியவரே. விதி எழுதியவர் நினைத்துப் பார்க்காத ஒன்றை ஏதேனும் ஒரு கல்லூரியின் ரோபோ நிச்சயம் செய்துவிடும். புதுமை செய்யத்தானே போட்டியே நடக்கிறது! ஆகவேதான், விதிப்புத்தகத்தில் இல்லாத செயல் செல்லுமா செல்லாதா என்பது நடுவரின் முடிவுக்கு உட்பட்டது, தகராறு வந்தால் அவர் தீர்ப்பே இறுதியானது என்று ரோபோகான் விதிகள் கூறுகின்றன. இந்த அதிகாரத்தை ஒழித்துவிட முடியாது. முறைப்படுத்தத்தான் முடியும்.

கிரிக்கெட்டைப் போல வீடியோவைப் போட்டுப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அம்பயர் முடிவை மறு ஆய்வு செய்யும் முறை 2008-ல் இந்திய - இலங்கைத் தொடரில் சோதிக்கப்பட்டது. அதன் பின் நெடுங்காலம் அதை ஏற்க மறுத்த இந்தியா, 2016-ல்தான் இறங்கி வந்தது. ஆனால் அங்கே பல கோடி ரூபாய்ச் செலவில் காமிராக்கள் உண்டு. மாணவர் போட்டியில் படம் பிடிப்பது பெரும்பாலும் பார்க்க வந்தவர்களின் கைப்பேசிதான். அதைச் சாட்சியாக ஏற்றால், நாலு பக்கமும் ஆள் நிறுத்தப் பணமுள்ள பள்ளிக்கே நியாயம் கிடைக்கும்.

1992 முதல் போட்டி நடத்திவரும் அமெரிக்காவின் 'பர்ஸ்ட்' அமைப்பு, தலைமை நடுவர் வீடியோவைப் பார்க்கவே கூடாது என்று விதித்திருக்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் குறிப்பிட்ட இடத்தில் நின்று நடுவரிடம் விளக்கம் கேட்க அணிக்கு அங்கே உரிமை உண்டு. கேட்க வேண்டியவர் மாணவர்தான். ஆசிரியரோ பெற்றோரோ அல்ல. விதிகளைப் பற்றி ஓர் அணி முன்கூட்டிக் கேட்கும் கேள்விக்கான பதிலும் எல்லா அணிகளும் அறிய வெளியிடப்படுகிறது.

இதே அமைப்பு 2012-ல் பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று. செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த இறுதிச் சுற்றில் ரோபோக்கள் கம்பியில்லாத் தொடர்பு அறுந்து களத்தில் அசையாது நின்றன. அமைப்பாளர்கள் விஷயத்தை மூடி மறைக்கவில்லை. இறுதிச் சுற்றில் ஆடிய 12 அணிகளையும் அழைத்துச் சோதனை நடத்தி, சில மாதங்களுக்குள் அறிக்கை வெளியிட்டார்கள். ஒருவர் வேண்டுமென்றே கைப்பேசி மூலம் தொடர்பைக் குலைத்தார் என்பதோடு, வேறு கோளாறுகளும் இருந்தன என்பதை அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. போட்டியின் முடிவு மாறவில்லை. ஆயினும் தோற்றவனுக்குக் காரணம் தெரிந்தது.

நம் நாட்டுப் போட்டிகளிலும் மூன்று காரியங்கள் செய்தாக வேண்டும். முதலாவதாக, புள்ளி குறைக்கும் நடுவர் எந்த விதிப்படி குறைத்தார் என்பதை விதி எண்ணுடன் எழுதித் தரவேண்டும். இரண்டாவதாக, ஓர் அணிக்குச் சொன்ன விளக்கம் எல்லா அணிகளுக்கும் போய்ச் சேரவேண்டும். மூன்றாவதாக, போட்டியிடும் கல்லூரியின் ஆசிரியர் அதன் ஆட்டத்துக்கு நடுவராக இருக்கக் கூடாது. 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதியபோது வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரு இந்தியர்கள் அம்பயர்களாக நின்றதை கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரு தரப்புக்கும் வேண்டாதவர் என்பதால் அல்ல, இரு தரப்புக்கும் பொதுவானவர் என்பதால் அவர்கள் சொல் செல்லுபடியாயிற்று.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும், கொஞ்சம் மனமும் போதும்.

பல மாத உழைப்பு மூன்றே நிமிட ஆட்டத்தில் தீர்ந்துவிடுகிறது. வகுப்பில் சந்தா பிரித்து மோட்டார் வாங்கி, இரண்டாம் வகுப்பு ரயிலில் ரோபோவை மடியில் வைத்துக் காத்து வரும் பிள்ளைகள் இவர்கள். பரிசுச் சான்றிதழ் நாளை வேலைக்கான நேர்முகத்தில் உதவும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு உண்டு. தோல்வியை அவர்கள் தாங்கிக் கொள்வார்கள். தோற்றது ஏன் என்று தெரியாமல் வீடு திரும்பும் பிள்ளை, திறமைக்கு இந்நாட்டில் மதிப்பில்லை என்ற முடிவுக்கு வந்துவிடும். அந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுக்கவா போட்டி நடத்துகிறோம்? அமைப்பாளர்கள் சிந்திக்க வேண்டும்.