ஓயாத இயந்திரமும் அதன் வெப்பமும்

கணிப்பொறி வாங்கிக்கொள்ளும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. திரைப்படம் காட்டினாலும் சரி, புற்றுநோய்க்கு மருந்து தேடினாலும் சரி, 600 வாட் உள்ளே போனால் 600 வாட் சூடு அறைக்குள் வந்து சேரும். வீட்டுக் கணிப்பொறியை ஆண்டு முழுவதும் அணைக்காமல் ஓடவிட்டு அதன் உழைப்பை அறிவியலுக்குக் கொடுக்க நினைப்பவர் இந்த உண்மையிலிருந்துதான் தன் திட்டத்தைத் தொடங்க வேண்டும். குழாய், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற பேச்சு.

இப்படிச் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஏதோ ஒரு பல்கலைக்கழக சர்வரிலிருந்து ஒரு கணக்குத் துண்டு வரும். வீட்டு இயந்திரம் அதைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். அடுத்தது வரும். கூலி கிடையாது, மின்கட்டணம் அவரவர் கையிலிருந்து. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. கடந்த நாற்பது ஆண்டுகளில் சாதாரண மனிதர்கள் அறிவியலின் உள்ளே கால்வைத்த வழிகளில் இது மிக அகலமானது என்பது என் துணிபு.

இரவில் சும்மா கிடக்கும் இயந்திரங்களை வேலை வாங்கலாம் என்ற எண்ணம் 1970களின் இறுதியிலேயே ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் முளைத்துவிட்டது. 1988-ல் அர்யன் லென்ஸ்ட்ராவும் மார்க் மனாஸியும் 100 இலக்க எண் ஒன்றின் காரணிகளைக் கண்டுபிடிக்க, மின்னஞ்சல் வழியே பல நாட்டு இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிட்டார்கள். 1994-ல், புதிராக விடப்பட்டிருந்த ஆர்எஸ்ஏ-129 என்ற 129 இலக்க எண்ணை ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் சேர்ந்து எட்டு மாதத்தில் உடைத்தார்கள். 1977-ல் அந்தப் புதிர் வெளியானபோது அதை உடைக்கக் கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1996 ஜனவரியில் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ‘கிம்ப்ஸ்’ திட்டம் பிரம்மாண்டமான பகா எண்களைத் தேட ஆரம்பித்தது, இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது ‘செட்டி அட் ஹோம்’. 1999 மே 17 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. புவேர்ட்டோ ரீக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் தட்டு வானிலிருந்து வாரிக்கொண்டு வந்த ரேடியோ இரைச்சலை 107 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு துண்டின் அளவு மூன்றில் ஒரு மெகாபைட்தான். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் முனகிக்கொண்டு வந்த காலத்திலும் அதை இறக்கிக்கொள்ள முடிந்தது. வேறு எங்கோ அறிவுள்ள உயிர்கள் இருந்து, அவை ஒலிபரப்பினால், அது இந்த இரைச்சலுக்குள் ஒரு கூர்மையான முனையாகத் தெரியும். ஸ்க்ரீன்சேவரில் வண்ண வண்ணக் கோபுரங்களாக எழும்பிய அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. மொத்தத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்ந்தார்கள்.

அப்போது சொல்லப்பட்ட நியாயம் எளிமையானது: இயந்திரம் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது, சும்மா போகும் நேரத்தைக் கொடுங்கள். அந்தக் காலத்துக்கு அது பெருமளவு உண்மை. அன்றைய பல வீட்டுக் கணிப்பொறிகளில், வேலை இல்லாவிட்டாலும் புராசஸர் ஓய்வெடுக்காது. வெறுமனே சுற்றிக்கொண்டே மின்சாரத்தைத் தின்னும். அந்தச் சுற்றலுக்குப் பதில் ஒரு கணக்கைக் கொடுத்தால் கூடுதல் செலவு சொற்பம்.

பிறகு சில்லுகள் தூங்கக் கற்றுக்கொண்டன. இன்றைய புராசஸர் வேலையில்லாதபோது ஒருசில வாட்டுக்கு இறங்கிவிடுகிறது, வேலை வந்தால் நூறுக்கும் இருநூறுக்கும் ஏறுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு இன்னும் மோசம். 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், 2025-ன் 5090-க்கு 575 வாட். ‘சும்மா போகிற நேரம்’ என்று இப்போது ஒன்றும் இல்லை. தன்னார்வக் கணிப்பு முன்பு மிச்சத்தைக் கொடுப்பதாக இருந்தது. இன்று கையிலிருப்பதைக் கொடுப்பதாகிவிட்டது. இந்த மாற்றத்தைத் திட்டக்காரர்கள் போதுமான அளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது என் வருத்தம். 600 வாட் இயந்திரம் ஒரு நாளில் 14.4 யூனிட் இழுக்கும். தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் அது மட்டுமே 860 யூனிட்டைத் தாண்டும். கட்டண அட்டவணையின் மேல்படிகளில் நின்றுகொண்டுதான் அந்தத் தானத்தைச் செய்ய வேண்டியிருக்கும்.

வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றி அனுப்புவது கணிப்பொறிக்குப் புதிதல்ல. 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081 இயந்திரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள் பதித்த ஒவ்வொரு பெட்டகத்திலும் ஹீலியம் வாயு நிரப்பி, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு உலோகத் தண்டை அழுத்தி, அதன் மேல் குளிர்நீர் ஓடும் தட்டைப் பொருத்தினார்கள். 1985-ன் கிரே-2 தன் மின்சுற்றுகளையே ஃப்ளூரினர்ட் என்ற திரவத்தில் மூழ்கவைத்துக்கொண்டது. 1990களின் நடுவில் குறைந்த மின்சாரம் குடிக்கும் சீமாஸ் சில்லுகள் வந்ததும் குழாய்கள் கழன்றன, காற்றே போதும் என்றானது. அந்த நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை. 2004-ல் ஆப்பிள் தன் 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர்மேக் ஜி5-ஐத் திரவக் குளிர்ச்சியோடு விற்றது. அதே ஆண்டு இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. வேகத்தை ஏற்ற ஏற்றச் சூடு கட்டுக்கடங்காமல் போனதே காரணம். அதற்குள் ஆர்வலர்கள், பழைய கார் ஹீட்டரின் செப்புச் சுருளையும் மீன்தொட்டிப் பம்பையும் சேர்த்து, தாங்களே வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

இந்த ஆர்வலர்களும் தன்னார்வக் கணிப்பும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. பகா எண் தேடக் கிம்ப்ஸ் எழுதிய ‘பிரைம்95’ என்ற நிரல் புராசஸரை அதன் எல்லைவரை பிழிந்தெடுக்கும். கணக்கில் ஒரு பிழை வந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். ஆகவே உலகெங்கும் கணிப்பொறி கட்டுகிறவர்கள் தங்கள் இயந்திரம் நிலையாக ஓடுகிறதா என்று பார்க்க அதையே உரைகல்லாக்கிக்கொண்டார்கள். 2016-ல் இன்டெல்லின் ஸ்கைலேக் புராசஸர்களில் ஒளிந்திருந்த ஒரு பிழை வெளிப்பட்டதும் இந்த நிரலால்தான். இரவுபகலாக ஓடும் இயந்திரத்துக்குக் குளிர்ச்சி ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. சூடேறிய சில்லு நின்றுபோவது பெரிய நஷ்டமில்லை. நிற்காமல் தப்பான விடையைத் தருவதுதான் ஆபத்து. அதனாலேயே பல திட்டங்கள் ஒரே கணக்கை இரண்டு வீடுகளுக்கு அனுப்பி, விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

அப்படியானால் தண்ணீர் வேண்டுமா? வேகத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன். நெடுங்காலம் சத்தமில்லாமல் ஓடவேண்டும் என்றால் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் சுற்றினால், 600 வாட்டை வாங்கிக்கொண்டும் அது ஏறுவது இரண்டு டிகிரிதான். அதே வெப்பத்தைக் காற்றால் சுமக்க மூவாயிரம் மடங்குக்கும் மேல் கொள்ளளவு வேண்டும், ஆகவே விசிறி அலற வேண்டும். தண்ணீர் வெப்பத்தைப் பெரிய ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, அங்கே பெரிய விசிறிகள் மெதுவாகச் சுற்றினால் போதும். படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் மூன்று வருடம் ஓடப்போகும் பொருளுக்கு இது சிறிய விஷயமில்லை.

நம் ஊர் வெயிலில் இது எடுபடுமா என்ற சந்தேகம் நியாயமானது. ரேடியேட்டர் தண்ணீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. மே மாதத்தில் அறை 35 டிகிரி என்றால், தண்ணீர் 45-ஐத் தொடும். அது போதும். ஜெர்மனியில் மியூனிக் அருகே கார்ஷிங்கில் 2012-ல் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக், 45 டிகிரிவரை சூடான நீரையே குளிர்ச்சிக்குப் பயன்படுத்தி, அந்தச் சூட்டைக் கட்டடத்தைக் கதகதப்பாக்கத் திருப்பிவிட்டது. நம் கவலை வேறு: அறைக்குள் கொட்டும் அந்த 600 வாட்டை ஏசி போட்டு வெளியேற்றினால் தானத்தின் செலவு இன்னும் ஏறும். ரேடியேட்டரை ஜன்னல் ஓரத்திலோ பால்கனிச் சுவரிலோ வைப்பதுதான் இங்கே அறிவுடைமை.

திட்டத்தில் பலரும் தவறவிடும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் உள்ள சுற்றில் நள்ளிரவில் விசிறிகள் நின்றுவிட்டால், 600 வாட் அந்தத் தண்ணீரை ஏழு விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றும். ரேடியேட்டரின் உலோகம் கொஞ்சம் தாங்கினாலும், சில நிமிடங்களில் பம்பின் 60 டிகிரி வரம்பு வந்துவிடும். ஆகவே தண்ணீரில் ஒரு சென்சரும், அது சொன்னதும் இயந்திரத்தைத் தானாக அணைக்கும் ஏற்பாடும் இல்லாமல் இந்த இயந்திரத்தை இரவில் தனியே விடக்கூடாது. செம்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் கலந்தால் அரிப்பு வரும். விலை குறைந்த பிவிசி குழாயிலிருந்து கசியும் பசை, சில்லின் மேல் அமரும் வாட்டர் பிளாக்கின் முடியளவு இடுக்குகளை அடைக்கும். ஈபிடிஎம் ரப்பர் குழாய் பார்வைக்குக் கருப்பாக, அழகில்லாமல் இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். முதல் முறை தண்ணீர் நிரப்பும்போது மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்க மாட்டார்கள். பவர் சப்ளையின் 24 முனைக் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் துண்டுக் கம்பியால் இணைத்துப் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ காகிதத்தை மடித்துவைத்து, ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். காகிதம் எல்லாம் காய்ந்திருந்தால்தான் அடுத்த வேலை.

குளிர்ச்சிக்குச் செலவிடுமுன் செய்ய வேண்டியது இன்னொன்று. சில்லின் மின்னழுத்தம் ஏற ஏற அது தின்னும் மின்சாரம் வேகத்தைவிட வெகு விரைவாக ஏறும். 450 வாட் கார்டை 300 வாட்டுக்குள் கட்டிப்போட்டால் வேகத்தில் போவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பகட்டான கார்டை முழு மூச்சில் ஓட்டி அதற்கேற்ற ரேடியேட்டர் தேடுவதைவிட, இப்படி அடக்கி ஓட்டுவது அறிவியலுக்கும் வீட்டுக்கும் நல்லது.

இத்தனை பாடும் எதற்காக என்பதற்கு 2020 மார்ச் பதில் சொன்னது. புரதங்கள் மடியும் விதத்தை ஆராய ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே 2000-ல் தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’, பெருந்தொற்றுக்கு முன் சுமார் முப்பதாயிரம் கருவிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்களில் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. கொடுப்பதற்குக் கணக்குத் துண்டுகள் இல்லாமல் சர்வர்கள் திணறின. விநாடிக்குப் பத்தாயிரம் கோடிக் கோடிக் கணக்குகள் என்ற எக்ஸா எல்லையை உலகில் முதலில் தொட்டது அந்த வீட்டு இயந்திரக் கூட்டம். அமெரிக்காவின் ஃபிரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டர் அதே எல்லையைத் தொட 2022 ஆனது. இரண்டையும் அளந்த முறை வேறு என்பதால் இந்த ஒப்பீட்டைக் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த உழைப்பில், கொரோனா கிருமியின் முள் புரதம் எப்படி வாய் திறக்கிறது என்பது தெரிந்தது. காப்புரிமை இல்லாத மருந்து தேடிய ‘கோவிட் மூன்ஷாட்’ முயற்சிக்கும் அது துணைநின்றது.

பெரிய பலன்கள் எதிர்பாராத மூலைகளிலிருந்து வந்திருக்கின்றன. 2010-ல் ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ என்ற இதே வகைத் திட்டம் கண்டுபிடித்த, விநாடிக்கு 41 முறை சுழலும் பல்சர் விண்மீன், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணிப்பொறியிலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொருவர் கணிப்பொறியிலும் வெளிப்பட்டது. 2017 டிசம்பரில் அன்று அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் கிடைத்தது, டென்னசியில் ஒரு தேவாலயத்தின் கணிப்பொறியில். அதற்கடுத்த சாதனைகளில் 2024 அக்டோபரின் எண்ணைப் பாருங்கள். 4 கோடியே 10 லட்சம் இலக்கங்கள் கொண்ட அதைக் கண்டுபிடித்தவர் பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த தரவு மையக் கிராஃபிக்ஸ் கார்டுகளைப் பயன்படுத்தினார். 28 ஆண்டுகள் சாதாரணக் கணிப்பொறிகளே வென்ற பந்தயம் அது. கணிக்கும் சக்தி சில நிறுவனங்களின் கூரைக்குக் கீழே குவிகிற இந்தக் காலத்தில், அறிவியலின் ஒரு பங்கு வீடுகளில் நிலைத்திருப்பது முன்னைவிட முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்தப் பங்கு நிலைக்க, திட்டங்களும் தங்கள் கடனைத் தீர்க்க வேண்டும். செட்டி 2020 மார்ச் 31-ல் வேலை அனுப்புவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 1-ல் அரெசிபோ தொலைநோக்கி இடிந்து விழுந்தது. கதை முடிந்தது என்று பலரும் விட்டுவிட்டார்கள். பெர்க்லிக்காரர்கள் விடவில்லை. வீடுகள் சலித்துக்கொடுத்த 1,200 கோடிச் சமிக்ஞைகளை மேலும் மேலும் சலித்து, ஏறத்தாழ நூறுக்குக் கொண்டுவந்து, வழிமுறையையும் முடிவையும் 2025-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். எஞ்சியவற்றைச் சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியால் மறுபடி பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். ஒரு வீட்டின் மின்சாரத்தைக் கேட்கும் எந்தத் திட்டமும் தொடங்கும் நாளிலேயே இந்த அளவுக்கு உறுதி கொடுக்க வேண்டும்: எந்தக் கேள்விக்காக, எத்தனை காலம், விடை யார் பார்க்கும்படி எங்கே வெளியாகும் என்று. குழாய் வாங்கக் கடைக்குப் போகுமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, பம்பின் தரத்தை விசாரிப்பதற்கு முந்திய வேலை.