நடுக்கத்துக்கு ரத்தத்தில் விடை கிடைக்குமா?

"வயசானா கை நடுங்கத்தானே செய்யும், டாக்டர்?" என்று சொல்லியே வீட்டுப் பெரியவர்களை அழைத்து வருகிறீர்கள். மடியில் சும்மா இருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்குகிறதா? கையெழுத்து சிறுத்துப் போச்சா? நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருக்கிறதா? அது வெறும் வயசுக் கோளாறு இல்லீங்க. பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். சித்த மருத்துவத்தில் நடுக்குவாதம் என்போம்.

மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது இது. நடுக்கம் வெளியே தெரிவதற்குள் அந்தச் செல்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதனால்தான் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனையைத் தேடுகிறார்கள். ரத்த வெள்ளணுக்களில் ஒருவகை லிம்போசைட். மூளைச் செல்களைப் போலவே இதிலும் டோபமினை ஏற்கும் புரதங்களும், அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதமும் உண்டு. நோயாளிகளிடம் இவை குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

நல்ல சேதிதான். அதற்காக இப்போதே லேபுக்கு ஓடாதீங்க! சாப்பிடும் மருந்தாலும் இந்த அளவுகள் மாறலாம். இன்றைக்கும் நோயைத் தீர்மானிப்பது நரம்பியல் மருத்துவர் நேரில் பார்த்துச் செய்யும் பரிசோதனையைத்தான் நம்பியிருக்கிறது. போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் தரும் சில மாத்திரைகளே இதே நடுக்கத்தைக் கொண்டு வரும்.

"சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். எங்கள் பூனைக்காலி விதையிலிருந்து 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி இருவரும் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். இன்று பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மாத்திரையில் இருப்பதும் அதே லெவோடோபாதான். எனக்குப் பெருமைதான். ஆனால் மாத்திரையோடு நீங்களாகவே விதைச் சூரணமும் சேர்த்தால் மருந்து அளவு மீறிப் போகும். சூரணத்தை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ, உடம்பு இறுகி, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நிறுத்திவிட்டு, கட்டை மாதிரி விறைத்துப்போய் வந்த ஒரு பெரியவரை நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை வரும்போது வரட்டும். இன்றைக்குச் சாயங்காலம் அப்பா வாசல் வரை நடக்கும்போது அவர் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.