கோச் போனில் சொன்னால் போதுமா? சாஃப்ட்பால் ஆஃபரும் எழுத்தில் இல்லாத 14 மாதங்களும்

ஒரு கம்பெனி எச்.ஆர் போனில் கூப்பிட்டு, "உங்களை எடுத்துட்டோம், ஆஃபர் லெட்டர் அப்புறம் வரும்" என்கிறார். அதை நம்பி இன்றைக்கே பழைய வேலைக்குப் பேப்பர் போடுவீர்களா? மாட்டீர்கள். லெட்டர் மெயிலில் வந்து, சம்பளக் கணக்கை ரெண்டு தடவை பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

வேலைக்குப் போகிற நமக்கே இவ்வளவு ஜாக்கிரதை. ஆனால், அமெரிக்காவில் சாஃப்ட்பால் ஆடும் 16 வயதுப் பெண், ஒரு போன் பேச்சை நம்பி மற்ற கல்லூரிகளுக்கெல்லாம் 'நோ' சொல்கிறாள். அவள் கைக்குப் பேப்பர் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். இந்த ஏற்பாடு சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், எப்படி நடக்கிறது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரும்பகுதியை நடத்துவது என்சிஏஏ. அதில் மூன்று டிவிஷன்கள். முதல் இரண்டிலும் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் தரலாம். மூன்றாவதில் கிடையாது, அங்கே மார்க், குடும்ப வருமானம் போன்றவற்றை வைத்துத்தான் உதவித்தொகை.

டிவிஷன் 1 சாஃப்ட்பாலில், 11-ஆம் வகுப்பு செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் கோச் மாணவியிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. மாணவி மெயில் அனுப்பலாம். கோச் பதில் போட முடியாது. கோச் மைதானத்துக்கு வந்து ஆட்டத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த விதி வந்தது 2018-இல். அதற்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட 'நான் இந்தக் கல்லூரிக்குத்தான்' என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூத்தை நிறுத்தியது நல்ல விஷயம்.

அப்புறம் என்ன பிரச்சினை?

செப்டம்பர் 1 அன்று கோச் போன் செய்யலாம், ஆஃபர் சொல்லலாம், 'சரி' என்றும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், எழுத்துப்பூர்வமான ஆஃபர் கொடுக்க அடுத்த வருடம் ஆகஸ்ட் 1 வரை காத்திருக்க வேண்டும். கையெழுத்து நவம்பரில்தான். அதாவது பேச்சு தொடங்கி 11 மாதம் கழித்துப் பேப்பர், சுமார் 14 மாதம் கழித்துக் கையெழுத்து.

இந்த இடைவெளியில் இருப்பது 'வெர்பல் கமிட்மென்ட்', வாய்வார்த்தை. அது யாரையும் கட்டுப்படுத்தாது. மாணவி மனம் மாறலாம், கோச்சும் மாறலாம். கேட்க ரெண்டு பக்கமும் சமம் போலத் தெரியும். ஆனால் கோச் பின்வாங்கினால் அவர் இழப்பது 25 பேரில் ஒருவரை. மாணவி இழப்பது கல்லூரியையே. அதற்குள் மற்ற அணிகளில் அவளுடைய இடம் நிரம்பியிருக்கும்.

இப்போது ஏன் இது முக்கியம்?

கடந்த இரண்டு வருடங்களில் விதிகள் தலைகீழாக மாறிவிட்டன. 1964 முதல் இருந்த 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற ஒப்பந்தம் 2024 அக்டோபரில் ரத்தானது. இப்போது உதவித்தொகை ஒப்பந்தமே அந்த வேலையைச் செய்கிறது. 2025 ஜூனில் 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. முன்பு ஒரு டிவிஷன் 1 அணிக்கு 12 முழு ஸ்காலர்ஷிப் அளவு தொகைதான். அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது, சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு இல்லை. அதற்குப் பதில் ஆள் வரம்பு: அணியில் 25 பேர். 25 பேருக்கும் முழுத்தொகை தரலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 பேரை நான்கு வருடங்களுக்குப் பிரித்தால், வருடத்துக்கு ஆறு இடம்தான். அதிலும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரியிலிருந்து தேர்ந்த வீராங்கனைகள் வருவார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆடிய பிட்சர் நிஜரி கனடி, 2024-இல் 10 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தத்தோடு டெக்சாஸ் டெக் போனார். மறுவருடமே அந்த அணி தேசிய இறுதிச்சுற்று வரை போனது. ரெடியாக ஒரு நட்சத்திரம் கிடைக்கும்போது, பள்ளி மாணவிக்குச் சொன்ன வார்த்தை எவ்வளவு நாள் நிற்கும்?

'அப்போ காத்திருக்கலாமே?'

அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. பிட்சர், கேட்சர் இடங்கள் சீக்கிரம் நிரம்பும். ரொம்ப யோசித்தால் வண்டி போய்விடும். கோச்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது: யார் வருவார்கள் என்று தெரியாமல் அணி கட்ட முடியாது. அதனால் 'சீக்கிரம் கமிட் ஆகாதே' என்று பொதுவாகச் சொல்வது உதவாது. கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததா என்பதுதான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

- என் வருடத்தில், என் இடத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறீர்கள்?
- வருடத்துக்கு எத்தனை பேரை போர்ட்டலில் இருந்து எடுக்கிறீர்கள்?
- உதவித்தொகை எவ்வளவு? ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா?
- அடிபட்டால் என்ன ஆகும்? நீங்கள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால்?
- இதுவரை யாருக்காவது சொன்ன ஆஃபரைத் திரும்ப எடுத்திருக்கிறீர்களா?
- நர்சிங், இன்ஜினீயரிங் லேப் நேரமும் பயிற்சி நேரமும் மோதுமா?

பேசி முடித்த அன்றே, பேசியதைச் சுருக்கி கோச்சுக்கு ஒரு மெயில் போடுங்கள். அது ஒப்பந்தம் ஆகாது. ஆனால் 'நான் அப்படிச் சொல்லலையே' என்பதற்கு இடம் குறையும். ரெண்டு வாரம் டைம் கேளுங்கள். 'நாளைக்குள்ள சொல்லு' என்று நெருக்கினால், அந்த அவசரம் யாருக்காக என்று யோசியுங்கள். டெக்சாஸ், நியூஜெர்சி, கலிஃபோர்னியா பக்கம் பிள்ளைகளை விளையாட்டில் சேர்க்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்களும் 2.3 ஜிபிஏவும் கட்டாயம். ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இல்லாமல் களம் இறங்க முடியாது.

விதியை மாற்ற வேண்டும்

குடும்பங்கள் ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு கோச் மாணவியிடம் 'சரி' என்ற வார்த்தையைக் கேட்கலாம் என்றால், அதே நாளில் அவரிடமிருந்து எழுத்தில் ஆஃபர் வர வேண்டும். எழுத்தில் தர நேரம் வரவில்லை என்றால், வார்த்தை கேட்கவும் நேரம் வரவில்லை என்றுதான் அர்த்தம். போன் தேதியும் பேப்பர் தேதியும் ஒன்றாகட்டும். அதோடு, பதில் சொல்லக் குறைந்தது இரண்டு வாரம் தரட்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாக்கு வாங்குவது தவறு என்று 2018-இல் என்சிஏஏ ஒத்துக்கொண்டது. 16 வயதுப் பெண்ணிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு தாள்கூடக் கொடுக்காமல் இருப்பதும் தவறுதான். அது மாறும் வரை, முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: முதல் மாதமே முழங்கால் போய், இனி ஆடவே முடியாது என்றாலும், இந்தக் கல்லூரியில் படிக்க அவளுக்குப் பிடிக்குமா? 'ஆமாம்' என்றால் தைரியமாகக் கமிட் ஆகலாம். பதில் வர நேரம் பிடித்தால், கோச்சும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.