கணினி மந்தமானால் டிஃப்ராக்தான் மருந்தா?

கிள்ளானில் இருக்கும் என் அத்தை வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அத்தை மகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, குளித்து, உடை மாற்றி, பசியாறிவிட்டு வந்தாலும் திரையில் அந்தச் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “நீதான் கணினியெல்லாம் படித்தவனாயிற்றே, கொஞ்சம் பார்த்துக் கொடேன்,” என்று அத்தை கேட்டார். நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தேன். இரவு பத்து மணிக்கு ‘டிஃப்ராக்’ செய்யும் மென்பொருளை ஓடவிட்டு, “காலையில் பாருங்கள் அத்தை, பறக்கும்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் அது பறக்கவில்லை, எழவே இல்லை.

அந்தக் கணினியின் வன்தட்டு ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்தது. மந்தத்திற்கு அதுவே காரணம். சேதமடைந்த இடங்களைப் படிக்க முடியாமல், அது ஒவ்வோர் இடத்திலும் மீண்டும் மீண்டும் முயன்று நேரத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தது. அந்நிலையில் செய்திருக்க வேண்டியது ஒன்றே: உள்ளே இருந்தவற்றை உடனே வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது. நானோ, அதிலுள்ள ஆயிரக்கணக்கான கோப்புகளை இரவு முழுவதும் எடுத்து எடுத்து இடம் மாற்றும்படி அதற்குக் கட்டளையிட்டேன். டிஃப்ராக்தான் அதைக் கெடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால், காப்பாற்றக் கிடைத்த கடைசி இரவை நான் வீணாக்கிவிட்டேன்.

என் பாட்டி தலைவலி, வயிற்றுவலி, கால் சுளுக்கு எதுவானாலும் கோடாலித் தைலத்தைத்தான் எடுப்பார். கணினியைப் பொறுத்தவரை நம்மில் பலருக்கு டிஃப்ராக் அத்தகைய தைலமாகிவிட்டது. ‘கணினி மந்தமாகிவிட்டதா? கோப்புகள் சிதறியிருக்கும். டிஃப்ராக் செய்’ என்பது ஆண்டுக்கணக்காக வாய்வழியாகப் பரவிவரும் அறிவுரை. இன்றைய கணினிகளுக்கு இந்த அறிவுரை பெரும்பாலும் பொருந்தாது என்பதே என் கருத்து. எனினும், இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு காலத்தில் இது முற்றிலும் சரியாக இருந்தது.

உங்கள் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இடையிடையே சில பக்கங்களைக் கிழித்து, அந்த இடங்களில் புதிய வெற்றுத் தாள்களை ஒட்டியிருக்கிறீர்கள். இப்போது ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை எழுத வேண்டும். தொடர்ச்சியாக ஐந்து வெற்றுப் பக்கங்கள் இல்லை. ஆகவே, முதல் பக்கத்தை 3 ஆம் பக்கத்திலும் அடுத்ததை 17 ஆம் பக்கத்திலும் மற்றவற்றை வேறெங்கோ கிடைத்த இடங்களிலும் எழுதுகிறீர்கள். கட்டுரையில் ஒரு சொல்லும் குறையவில்லை. ஆனால், படிப்பவர் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வன்தட்டிலும் இதேதான் நடக்கிறது. கோப்புகளை அழிக்கும்போது இடையிடையே காலி இடங்கள் உண்டாகின்றன. புதிய கோப்பு அந்த இடங்களில் துண்டு துண்டாகப் போய் அமர்கிறது. இதையே கோப்புச் சிதறல் என்கிறோம். துண்டுகளை மீண்டும் ஒன்றுசேர்ப்பதே டிஃப்ராக்.

புரட்டுவதற்கு ஏன் நேரமாகிறது? வன்தட்டு பாதி மின்னணுக் கருவி, பாதி இயந்திரம். 1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் சுழன்றன. அவை அனைத்திலும் சேர்த்து ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. தட்டுகள் பின்னர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஆனால், சுழலும் தட்டும் அதன்மேல் நகரும் கையும் இன்றுவரை மாறவில்லை. மேசைக்கணினியில் உள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கிறது. படிக்கும் முனை சரியான தடத்திற்கு நகர ஏறத்தாழ 9 மில்லிவினாடி ஆகும். தேவையான பகுதி சுழன்று முனையின் அடியில் வர, சராசரியாக இன்னும் 4 மில்லிவினாடி. ஆக, ஒரு தாவலுக்கு 13 மில்லிவினாடி. நூறு துண்டுகளாகச் சிதறிய கோப்பைத் திறக்க 1.3 வினாடி கூடுதலாகிறது. பத்தாயிரம் துண்டுகள் என்றால் இரண்டு நிமிடத்திற்கு மேல்! இந்தக் கணக்கைப் பார்க்கும்போது அக்காலத்தவர் டிஃப்ராக்கைப் போற்றியதில் வியப்பில்லை.

ஆனால், இதே கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. சிதறல் என்பது இருக்கிறதா இல்லையா என்பதைவிட, துண்டுகள் எவ்வளவு பெரியவை என்பதே முக்கியம். வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் வன்தட்டு, 64 மெகாபைட் அளவுள்ள ஒரு துண்டைப் படிக்க அரை வினாடிக்கு மேல் எடுக்கும். அதன்பின் அடுத்த துண்டுக்குத் தாவும் 13 மில்லிவினாடியை யார் கவனிப்பார்? விண்டோஸ் விஸ்தாவை உருவாக்கியவர்கள் இதை உணர்ந்தே, 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை ஒன்றுசேர்க்காமல் விட்டுவிடும்படி அமைத்தார்கள். திரையில் ‘சிதறல் 15 விழுக்காடு’ என்று கண்டதும் பதறுகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்வதில்லை.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இத்தனை ஆழமாக வேரூன்றியது? எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1993 இல் வந்த எம்.எஸ்.-டாஸ் 6 பதிப்பிலேயே டிஃப்ராக் கருவி இருந்தது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 95 இல், வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி வரிசையில் நிற்பதைத் திரையிலேயே காணலாம். நானும் சிறுவனாக இருந்தபோது வாய் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறேன். கலைந்து கிடந்த வீட்டைக் கண்முன்னே அடுக்கிவைப்பதைப் போன்ற நிறைவு அதில் கிடைத்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? மேலும், வேலை முடிந்ததும் பெரும்பாலோர் கணினியை அணைத்துத் திறப்பார்கள். அப்படித் திறக்கும்போது நினைவகத்தை அடைத்திருந்த மென்பொருள்கள் நீங்கிவிடும். கணினி சற்று வேகமாகும். அந்தப் பெருமையும் டிஃப்ராக்கின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. முதலாவதாக, வன்தட்டு உள்ள கணினியிலும் நாம் இவ்வேலையைச் செய்யத் தேவையில்லை. விஸ்தா காலம் தொட்டு விண்டோஸ் தானாகவே வாரம் ஒருமுறை இதைச் செய்துவிடுகிறது. யாரோ ஏற்கெனவே கூட்டிய தரையைத்தான் நாம் மறுபடியும் கூட்டுகிறோம்.

இரண்டாவது மாற்றம் இதைவிடப் பெரியது. இப்போது விற்கப்படும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் வன்தட்டே இல்லை. அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகம் இருக்கிறது. அதில் சுழலும் தட்டு இல்லை. நகரும் கையும் இல்லை. எந்தத் துண்டையும் எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியோ அதற்கும் குறைவாகவோ போதும். வன்தட்டில் 1.3 வினாடி தாமதத்தை உண்டாக்கிய அதே நூறு துண்டுகள், இங்கே 0.01 வினாடியில் முடிந்துவிடும். இன்னொரு வியப்பும் உண்டு. எஸ்.எஸ்.டி. தன் நுண்ணறைகள் யாவும் சமமாகத் தேயும்படி, தகவல்களைத் தானே பல இடங்களில் பிரித்து வைக்கிறது; எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் தானே வைத்துக்கொள்கிறது. நாம் டிஃப்ராக் செய்து ‘வரிசைப்படுத்திவிட்டோம்’ என்று மகிழும்போது, உள்ளே அது வரிசையாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இங்கே எதிர்ப்பக்கத்து மிகைப்படுத்தலையும் சொல்லியாக வேண்டும். ‘எஸ்.எஸ்.டி.யை ஒருமுறை டிஃப்ராக் செய்தாலே கெட்டுவிடும்’ என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். நுண்ணறைகள் எழுதி அழிக்கும்போது தேய்வது உண்மைதான். ஆனால், 500 ஜிகாபைட் அளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்றில் 300 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருவதுண்டு. நீங்கள் 100 ஜிகாபைட் கோப்புகளை ஒருமுறை இடம் மாற்றினால், அந்த உத்தரவாதத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். பழக்கமாக்கிக்கொள்வது வீண், ஒருமுறை செய்துவிட்டதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் வீண். விண்டோஸ் 8 முதல் ‘ஆப்டிமைஸ்’ என்ற பெயரில் இருக்கும் கருவி, எஸ்.எஸ்.டி.யைக் கண்டால் பொதுவாகப் பழைய முறையில் துண்டுகளை அடுக்காது. எந்த இடங்கள் இனித் தேவையில்லை என்ற செய்தியை மட்டும் அதற்கு அனுப்பும். அதை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது.

அப்படியானால் கணினி ஏன் மந்தமாகிறது? இக்கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். கேட்டால் கணினியே சொல்லும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். செயலி, நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்று காட்டும் சாளரம் திறக்கும். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறதா? 4 ஜிகாபைட் ரேம் மட்டுமே உள்ள கணினியில் இணைய உலாவியின் இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருந்தால் அப்படித்தான் நிற்கும். நினைவகத்தில் இடமில்லாதபோது கணினி வட்டைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். வட்டு எவ்வளவு விரைவாக இருந்தாலும் ரேமுக்கு ஈடாகாது. தேவையற்ற பக்கங்களை மூடுவது இதற்குத் தீர்வு; முடிந்தால் ரேமைக் கூட்டலாம்.

கணினியைத் திறந்தவுடன் மட்டும் மந்தமாக இருந்தால், தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் எப்போதோ நிறுவி மறந்த ஐந்தாறு மென்பொருள்கள் அங்கே வரிசை பிடித்து நிற்கும். சிறிது நேரம் நன்றாக ஓடியபின் மந்தமானால், கையை வைத்துப் பாருங்கள். நம் நாட்டு வெப்பத்தில், மெத்தைமேல் வைத்த மடிக்கணினியின் காற்றாடித் துளைகள் தூசியால் அடைபட்டிருந்தால் செயலி சூடாகும். தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வட்டு ஏறக்குறைய நிரம்பிவிட்டாலும் வேகம் குறையலாம்.

ஒன்றுமே செய்யாதபோதும் வட்டு 100 விழுக்காட்டில் நிற்கிறதா? கோப்பைத் திறக்கும்போது ‘டக், டக்’ என்ற ஒலி கேட்கிறதா? அப்போது வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். முதலில் இடுபணி, படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். வன்தட்டுகள் தங்கள் பழுதுகளைத் தாங்களே எண்ணி வைத்துக்கொள்கின்றன. அந்தக் குறிப்பைப் படித்துக்காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதை நான் அன்று பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

‘இதெல்லாம் எதற்கு? புதுக் கணினி வாங்கினால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். வசதி உள்ளவர்களுக்கு அது எளிது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் குடும்பத்திற்கு அது எளிதன்று. ‘வேகப்படுத்துகிறோம்’ என்று சொல்லிப் பணம் வாங்கும் மென்பொருள்களும், காரணம் சொல்லாமல் ‘சர்வீஸ்’ என்று கட்டணம் கேட்கும் கடைகளும் குறிவைப்பது அத்தகைய குடும்பங்களைத்தான். ‘என்ன பழுது? எப்படித் தெரிந்தது?’ என்ற இரண்டு கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அத்தை வீட்டு மடிக்கணினியை நாங்கள் தூக்கி எறியவில்லை. பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்குதான் செலவானது. இப்போது அரை நிமிடத்திற்குள் திறந்துவிடுகிறது. அத்தை மகள் தன் இடுபணியை முதலிலிருந்து எழுதி முடித்தாள். பழைய வன்தட்டை மட்டும் அத்தை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். தாத்தாவின் எண்பதாம் பிறந்தநாளன்று எடுத்த படங்கள் அதில்தான் இருக்கின்றன.