இரும்பும் ஓர் எல்லை வரைக்கும்தான் பொறுக்கும்

இரும்பு என்றால் அசையாது, நீளாது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இழுத்தால் இரும்பும் நீளும். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியில் ஒரு டன் எடையைத் தொங்கவிட்டால் சுமார் அரை மில்லிமீட்டர் நீளும். எடையை இறக்கினால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். சுமை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும் என்ற இந்த விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண எஃகு என்றால், அதே கம்பிக்கு ஏறக்குறைய இரண்டரை டன். அதைத் தாண்டிவிட்டால் சுமையை இறக்கினாலும் கம்பி பழைய நிலைக்கு வராது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இது 'லிமித் எலாஸ்திக்'. தமிழில் மீட்சி எல்லை என்கிறார்கள்.

எல்லைக்குள் இருந்தால் பயமில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. சின்னச் சுமையே லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் விழும். அது சிறுகச் சிறுக வளர்ந்து ஒருநாள் சட்டென்று முறியும். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரீஸுக்கு வந்த ரயிலின் எஞ்சின் அச்சு அப்படித்தான் முறிந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகைச் சுற்றி வந்த கடலோடி துய்மோன் துர்வீல் குடும்பத்தோடு மாண்டது அந்த விபத்தில்தான். உலோகமும் சோர்ந்துபோகும் என்பதை பொறியாளர்கள் தீவிரமாக ஆராய அந்த விபத்தும் ஒரு காரணமானது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கெலவரப்பள்ளியைத் தாண்டி வரும் தென்பெண்ணை நீரைத் தேக்குவது கே.ஆர்.பி. அணை. காமராஜர் காலத்து அணை. 2017 நவம்பர் 29 அன்று அதன் மதகு ஷட்டர் ஒன்று உடைந்தது. 52 அடி தேங்கக்கூடிய அணையிலிருந்து, சாகுபடிக்கென்று சேர்த்த தண்ணீர் ஆற்றோடு போனது. கரையோர மக்களுக்கு அபாய எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. ஷட்டருக்கு அப்போது சுமார் 60 வயது.

ஆறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தடுத்து நிற்கும் எந்தக் கதவிலும், ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் 18 டன் விசை அழுத்துகிறது. தண்ணீரின் அழுத்தம் வருஷா வருஷம் மாறுவதில்லை. துருப்பிடித்துத் தகடு மெலிந்தால், மிச்சமிருக்கும் இரும்பு அதே 18 டன்னைத் தாங்க வேண்டும். பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குப் புதிதாகத்தான் தெரியும். தகட்டின் கனத்தை அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஓசூர்ப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரும்பில் ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தில் மாட்டி, அறும் வரை இழுத்துப் பார்ப்பது அவர்களுக்கு வாடிக்கையான வேலை. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு கவனம் என்றால், ஊருக்கே சோறு போடும் அணைக்கு எவ்வளவு வேண்டும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளை ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் சோதித்தாக வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன்: 'ஆய்வு செய்யப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது' என்று ஒரு வரி எழுத அரை நிமிஷம் போதும். அந்த வரியை நம்பி யாரும் இரும்பை அளக்காமல் இருந்துவிடலாம்.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு ஷட்டரின் தகடும் முதலில் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது, இப்போது எத்தனை, அளந்த தேதி என்ன என்று தமிழில் ஒரு பட்டியல் போட்டு, பாசனப் பகுதியின் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். நம் விவசாயிகள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் அவர்களே போய்க் கேட்பார்கள்.